அண்ணன் வீட்டில் தங்காத இரண்டு நாள்

1

என் மகள் காரைக்காலுக்குப் போனாள். என் அண்ணன் வீட்டில் தங்கவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுத எனக்கு இருபது நாள் பிடித்தது. காரைக்கால் பக்கத்து ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, இப்போதே உச்சுக் கொட்டியிருப்பீர்கள். மற்றவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பிரான்ஸுக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என் கணவரின் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட வகையில் எனக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்தது. காரைக்கால் தலத்தெருவிலிருந்து வந்த நான் இப்போது ஒரு சிறிய ஊரின் பள்ளி உணவகத்தில் வேலை பார்க்கிறேன். முந்நூறு பிள்ளைகளுக்குத் தட்டில் கேரட் வைப்பேன், அதில் பாதி கேரட்டைத் திரும்ப வாங்கிக் குப்பையில் கொட்டுவேன். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் வாசனையே வரக் கூடாது. இங்கே பள்ளியில் வெள்ளிக்கிழமைதான் மீன். முதல் வருடம் ஒவ்வொரு வெள்ளியும் குளித்து, விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு போய் மீன் பொரித்துக் கொண்டிருந்தேன். சாமி என்ன நினைத்ததோ தெரியாது, பிள்ளைகள் நன்றாகச் சாப்பிட்டார்கள்.

ஒரே மகள் இனியா. இருபது வயது, புவியியல் படிக்கிறாள். கடல் உப்பு ஏறினால் நெல் வயல் என்ன ஆகிறது என்பது அவள் வகுப்பு எடுத்துக்கொண்ட விஷயம். அதற்காக அரை வருடம் புதுச்சேரியில் தங்கிப் படிக்கப் போனாள். தை மாதக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு காரைக்காலில் களப்பயணம் என்றார்கள். உள்ளூர்க் குடும்பங்களோடு வீட்டுக்கு இரண்டு மாணவர்கள் தங்க வேண்டும். அதற்கு ஒரு படிவம். அதில் ஆறாவது வரி: தங்கவைப்பவர் மாணவரின் உறவினராக இருக்கக் கூடாது. மாணவரும் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டுக்காரரும் போட வேண்டும்.

இனியாவுக்கு வந்த இடம் குரும்பகரம். என் அண்ணன் செல்வராசு இருப்பது தலத்தெரு. நடுவில் ஸ்கூட்டரில் இருபது நிமிடம்.

“எழுதிக் கேளேன். மாமா வீடு இருக்குன்னு சொல்லேன்” என்றேன்.

“மா, எனக்கு இந்த ரூல் பிடிச்சிருக்கு” என்றாள் மகள்.

2

அவளைக் குறை சொல்வதற்கு முன்னால் பதினொரு வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

கடைசியாக அவளை ஊருக்கு அழைத்துப் போனபோது அவளுக்குப் பதினொரு வயது. ஏழு நாளில் பதினொரு வீட்டுக்குப் போனோம். எல்லா வீட்டிலும் பிளாஸ்டிக் நாற்காலி, மின்விசிறிக்குக் கீழே அவளுக்கு மட்டும் தனி இடம், குளிர்பானம், மிக்சர். “எந்த கிளாஸ் படிக்கிற? பிரெஞ்சுல ஒண்ணு பேசு பாப்போம்.” பதினொரு வீட்டிலும் அவள் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னாள். அதற்கு அர்த்தம் ‘நான் வீட்டுக்குப் போக வேண்டும்’ என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். கடற்கரைக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்கு நேரமே கிடைக்கவில்லை. பன்னிரண்டாவது வீட்டுக்காரர்கள் இன்று வரை கோபமாக இருக்கிறார்கள், அது வேறு.

ஆகவே ஊரை ஒரு தடவையாவது யாருடைய மருமகளாகவும் பேத்தியாகவும் இல்லாமல் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதில் நியாயம் இருந்தது. எனக்கும் அது தெரிந்தது. ஆனால் எனக்குள் இன்னொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஏழு வருடத்துக்கு முன்னால் இனியா பெரியவளானாள். நான் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னேன். எங்கள் பக்கம் அது தாய்மாமனுக்குத்தான் முதலில் போக வேண்டிய சேதி. அண்ணன் அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் பட்டுப் புடவை எடுத்துவிட்டார். கிளிப் பச்சை உடல், அரக்குக் கரை. அண்ணி அதைக் கட்டிலில் விரித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார்கள். “ஒரு மாசத்துல கூட்டிட்டு வந்துரு பாப்பா. சடங்கு சுத்திடலாம், நூறு தட்டு வைக்கிறேன்” என்றார் அண்ணன்.

இனியா கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். “இதை ஏன் எல்லாருக்கும் சொல்லணும்? நூறு தட்டு எதுக்கு?” என்று கேட்டாள். எனக்குச் சடங்கு சுற்றியபோது நானும் இதையேதான் நினைத்தேன், கேட்கத்தான் துணிச்சல் வரவில்லை. மகள் பக்கம் நின்றேன். அண்ணனிடம் வேண்டாம் என்றேன். “சரி பாப்பா” என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு அண்ணனின் போன் பேச்சு மூன்று வரியாகச் சுருங்கியது. நல்லா இருக்கியா. அங்க மழையா. வச்சுடவா. ஏழு வருடமாக இதே மூன்று வரி. மழை பெய்யாத நாளிலும் நான் கொஞ்சம் மழையைச் சேர்த்துச் சொல்வேன், பேச்சு நீளட்டும் என்று. இந்த லட்சணத்தில் அவருடைய தங்கை மகள் அவருடைய மண்ணுக்கே வந்து ஊரார் வீட்டில் சாப்பிட்டு, ஊரார் வீட்டில் படுத்துத் திரும்பினாள் என்று தெரிந்தால் அந்த மூன்று வரியும் போய்விடும். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். அவரை இழந்துவிடுவேனோ என்று உண்மையாகவே பயந்தேன்.

அதனால் புத்திசாலித்தனமாக ஒரு முடிவு எடுத்தேன். அண்ணனிடம் சொல்லவில்லை.

3

இனியாவுக்கு மட்டும் பாடம் நடத்தினேன். “யாராவது யாரு வீட்டுப் பொண்ணுன்னு கேட்டா, சிரிச்சிட்டுப் போயிடு.”

“ஏன் சிரிக்கணும்? அது ஜோக்கா?”

“கேட்டதைச் செய்யேன்.”

என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, “காரைக்கால்ல ரெண்டு நாளைக்கு ஒரு ரகசியமா?” என்று கேட்டுவிட்டு மறுபடி தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் இப்படி எதையாவது சரியாகச் சொல்லும்போதுதான் எனக்கு எரிச்சல் வரும்.

சனிக்கிழமை காலை எட்டு மணி. நான் காப்பிக்குப் பால் வைத்திருந்தேன். ஊரில் அப்போது பன்னிரண்டரை. தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, நான் விஜயா பேசுறேங்க, குரும்பகரத்துலேர்ந்து. பொண்ணுங்க ரெண்டு பேரும் எங்க வூட்டுலதான் இருக்காங்க. நல்லா இருக்காங்க, பயப்படாதீங்க. அவசரத்துக்குன்னு பாரத்துல ஒங்க நம்பர் இருந்துச்சு.”

விஜயா காரைக்காலில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உதவியாளர். அவர் கணவர் பத்து மா, அதாவது மூன்று ஏக்கர் சொச்சம், நிலத்தில் நெல் பயிரிடுகிறவர். கல்லூரி மூலமாகத்தான் மாணவர்களைத் தங்கவைக்கச் சம்மதித்திருக்கிறார்கள். இதெல்லாம் படிவத்தில் படித்ததுதான்.

“என்ன அவசரம்மா?”

“நீங்க தலத்தெரு மிஷின்காரரு தங்கச்சியாமே?”

பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்கக் கூடத் தோன்றவில்லை.

பிறகு இனியாவிடம் விசாரித்து நடந்ததைத் தெரிந்துகொண்டேன். பேருந்திலிருந்து இறங்கிய இரண்டு பேரில் ஒருத்தி வெள்ளைக்காரப் பெண் கிளேர். இன்னொருத்திக்கு அச்சு அசல் எங்கள் பக்கத்து முகம். விஜயா இருவருக்கும் மோர் கொடுத்துவிட்டு இனியாவிடம், “நீ யாரு வூட்டுப் பொண்ணும்மா?” என்று கேட்டிருக்கிறார். இனியா சொன்னபடி சிரித்திருக்கிறாள். எங்கள் பக்கம் சிரிப்பு ஒரு பதிலே இல்லை. அடுத்த கேள்வி, அம்மாவுக்கு எந்த ஊரு. தலத்தெரு. அம்மா பேரு என்ன. மலர்விழி. கூடப் பொறந்தவங்க யாரு. ஒரு மாமா. மாமா என்ன செய்றாங்க. “வயல்ல மிஷின் விடுவாங்க.” மோர் டம்ளர் காலியாகும் முன் விசாரணை முடிந்துவிட்டது. இதே தகவலைத் திரட்டி என் குடியுரிமைப் படிவத்தை முடிக்க இங்கே மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதினான்கு மாதம் எடுத்துக்கொண்டார்கள்.

அண்ணனுக்கு வேலை அறுவடை இயந்திரங்களை ஊர் ஊராக ஏற்பாடு செய்வது. வெளியூரிலிருந்து வருகிற இயந்திரங்களை யாருடைய வயலில் என்றைக்கு இறக்குவது என்று முறை வைத்துக் கொடுப்பார். தை மாதம் முழுக்க வரப்பில்தான் இருப்பார்.

விஜயா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அதாங்கக்கா சிக்கலே. எங்களுக்கு நாளைக்குத்தான் மிஷின் முறை. அண்ணன் எங்க வயலுக்கே வந்து எறங்குவாங்க. புள்ளைங்க அறுப்பு பாக்கணும்னுதான் எங்க வூட்டுக்கே அனுப்பியிருக்காங்க. நான் என்ன செய்யட்டும்? சொந்தக்காரங்க இல்லன்னு நானும் கையெழுத்துப் போட்ருக்கேன்.”

“நீங்க சொந்தக்காரங்க இல்லதானே?”

“நான் இல்ல. ஆனா மாமன் இருக்குற ஊர்ல நான் சோறு போட்டு அனுப்புனேன்னா, நாளைக்கு அண்ணன் மூஞ்சில எப்புடி முழிப்பேன்? நீங்களே அண்ணனுக்கு ஒரு வார்த்த சொல்லிருங்கக்கா.”

சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மத்தியானம் ஒன்றரைக்கு, ஊரில் மாலை ஆறு மணிக்கு, அண்ணனுக்குப் போன் செய்தேன். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது.

“நல்லா இருக்கியா?” என்றார்.

“நல்லா இருக்கேண்ணே.”

நான் வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்: “அங்க மழை இருக்காண்ணே?”

“தையில ஏது மழை? வெயில் நல்லா அடிக்குது. அறுப்பு நடக்குது.” பிறகு, “வச்சுடவா?”

வைத்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அந்நிய மொழியில் அதிகாரிகளோடு வாதாடுகிறவள் நான். சொந்த அண்ணனிடம், தாய்மொழியில், ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை. அடுப்பைச் சுரண்டித் துடைத்துக்கொண்டே என்னை நானே திட்டிக்கொண்டேன்.

4

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இனியா பேருந்திலிருந்து சொன்னாள். விடுபட்டதை விஜயா சொன்னார். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

காலைப் பனி காய்ந்தால்தான் இயந்திரத்தை வயலில் இறக்குவார்கள். ஒன்பது மணிக்குப் பெல்ட் வண்டி வந்து வரப்போரம் நின்றது. அதற்குப் பின்னால் ஸ்கூட்டரில் என் அண்ணன். அறுவடைக் காலத்தில் அவருக்கு ஒரே உடுப்புதான், கட்டம் போட்ட கைலி, தலையில் துண்டு, உடம்பெல்லாம் நெல் தூசி. அன்றைக்கு வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். வண்டி ஓட்டுகிறவர் அவரைப் பார்த்து, “என்னண்ணே, யாருக்குக் கல்யாணம்?” என்று கேட்டாராம்.

“எனக்கு மாமாவை உடனே தெரிஞ்சிடுச்சு மா” என்றாள் இனியா. “முடி மட்டும் வெள்ளை. ஆனா நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்ல. எங்க கோஆர்டினேட்டர் பக்கத்துலயே நின்னாங்க.”

அதனால் என் மகள் வரப்பில் நின்று கை கூப்பினாள். “வணக்கம். நான் இனியா. ஸ்டூடண்ட்.”

அண்ணனும் கை கூப்பினார். “வணக்கம்மா. எம் பேரு செல்வராசு. மிஷின் ஏஜென்ட்.”

விஜயா சிரிப்பை அடக்க முடியாமல் வாய்க்கால் பக்கம் போய்விட்டாராம்.

இதற்குப் பிறகுதான் விஷயமே. கிளேரிடம் ஒரு கேள்வித்தாள் இருந்தது. வயலில் வேலை செய்கிறவர்களைப் பேட்டி எடுக்க வேண்டும். அவள் கேள்வியை இனியா தமிழில் கேட்பாள், பதிலைத் திருப்பி பிரெஞ்சில் சொல்வாள். யாரைப் பேட்டி எடுக்கலாம் என்று சுற்றிப் பார்த்த கிளேர், பளிச்சென்று வெள்ளையும் சொள்ளையுமாக நின்ற என் அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு மாவை அறுக்க எவ்வளவு நேரம் ஆகும், உப்பு ஏறிய வயலில் கதிர் எப்படி இருக்கும், கடலோரத்தில் இப்போது எத்தனை பேர் பயிர் வைக்கிறார்கள். அண்ணன் நிறுத்தி நிதானமாகச் சொன்னாராம். உப்பு வயல் நெல்லைக் கையில் கசக்கி, பதர் எவ்வளவு என்று ஊதிக் காட்டினாராம். பிறகு கேள்வித்தாளின் கடைசிப் பக்கம் வந்தது. குடும்ப விவரம்.

“உங்க குடும்பத்துல யார் யார் இருக்காங்க?” என்று இனியா கேட்டாள்.

“பொண்டாட்டி. ஒரு மவன். அப்பறம் ஒரு தங்கச்சி, வெளிநாட்டுல. தங்கச்சிக்கு ஒரு பொண்ணு.”

இனியா அதை அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். கிளேருக்கு ஆர்வம் வந்துவிட்டது. கேள்வித்தாளில் இல்லாததைக் கேட்டாள். அந்தப் பெண் இங்கே வருவாளா, கடைசியாக எப்போது பார்த்தீர்கள்.

“ஒம்போது வருசம் ஆச்சும்மா. அப்ப இத்தினியூண்டு. எங்க வூட்டுல வந்து குந்துனா ஃபேனயே பாத்துக்கிட்டு இருக்கும். சின்னப் புள்ளைய வூடு வூடா இழுத்துக்கிட்டு அலைஞ்சா அது என்ன செய்யும்? ஒரு நாளாவது நான் கடலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்.”

“அதை நான் டிரான்ஸ்லேட் பண்ணல மா” என்றாள் இனியா. “கிளேர்கிட்ட ‘அவருக்குக் கடல் பிடிக்கும்’னு மட்டும் சொன்னேன்.”

5

மூன்று மணிக்கு மாணவர்கள் கிளம்ப வேண்டும். வீட்டுக்கு வந்த பெண் பிள்ளைகளை வெறுங்கையோடு அனுப்ப முடியாது என்று விஜயா மஞ்சள், குங்குமம், பூ, ஆளுக்கு ஒரு ரவிக்கைத் துணி எடுத்து வைத்திருந்தார். வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அண்ணன் இறங்கினார், அண்ணி இறங்கினார்கள். அண்ணி கையில் துணி போட்டு மூடிய இரண்டு தட்டு.

படி ஏறவில்லை. சீர் கொண்டு வருகிறவர்களை வீட்டுக்காரர்கள் கூப்பிட வேண்டும். அண்ணன் வாசலிலேயே நின்று, “ஒங்களுக்குக் கையெழுத்துச் சிக்கல் இருக்குன்னு தெரியும் தங்கச்சி. நீங்களே உள்ள எடுத்துட்டுப் போயிக் குடுத்துருங்க. யாரு குடுத்தான்னு சொல்ல வேணாம்” என்றாராம்.

விஜயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்ன பதிலை நான் இந்தக் குறிப்புகளைப் படிக்கிற எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். “நான் தங்குறதுக்குத்தாண்ணே கையெழுத்துப் போட்டேன். சீருக்கு ஒண்ணும் போடல. ரெண்டு பேரும் உள்ள வாங்க.”

பேருந்திலிருந்து இனியா எனக்கு அனுப்பிய படத்தில் கிளிப் பச்சைப் புடவை இருந்தது. அரக்குக் கரை. ஏழு வருடமாக என் போனில் அழிக்காமல் வைத்திருக்கும் அதே புடவை, கட்டிலுக்குப் பதிலாக இப்போது என் மகள் மடியில். இரண்டாவது தட்டு கிளேருக்கு. ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பெண்கள் இருக்கும்போது ஒருத்திக்கு மட்டும் கொடுப்பது முறையில்லை என்று சனிக்கிழமை சாயங்காலம் டவுனுக்குப் போய் மஞ்சளில் ஒன்று எடுத்திருக்கிறார் அண்ணன். கிளேர் விஷயம் புரியாமல், ஆனால் தாரை தாரையாக, அழுதாளாம்.

இனியா பேருந்திலேயே அடுத்த படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். களப்பயணத்தில் பரிசு ஏதும் வாங்கினால் அன்றைக்கே தெரிவிக்க வேண்டும். கொடுத்தவருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு கட்டம். கிளேர், ‘பேட்டி கொடுத்தவர்’ என்று எழுதிவிட்டாள்.

“நீ என்ன போட்டே?” என்றேன். பயமாகத்தான் இருந்தது.

“அம்மாவோட அண்ணன்னு போட்டேன். கேட்டா விஜயா ஆன்ட்டி சொன்னதையே சொல்லிடுவேன்.” பிறகு, “மா, அடுத்த மாசம் லீவுல நான் மாமா வீட்டுக்குப் போறேன். பதினொரு வீட்டுக்கு இல்ல. அந்த ஒரு வீட்டுக்கு” என்றாள்.

6

இங்கே மாலை நான்கரைக்கு, ஊரில் இரவு ஒன்பது மணிக்கு, அண்ணனின் போன் வந்தது. ஏழு வருடத்தில் அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நின்றுகொண்டே எடுத்தேன்.

“நல்லா இருக்கியா?”

“அண்ணே, நான் நேத்தே சொல்லியிருக்கணும்...”

“எனக்கு நேத்து மத்தியானமே தெரியும். விஜயா வூட்டுக்காரரு போன் போட்டாரு. நீ ஆறு மணிக்குக் கூப்புட்டியே, அப்ப நீயே சொல்லுவன்னு பாத்தேன். நீ மழையப் பத்திக் கேட்ட.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. “அன்னிக்குச் சடங்கு வேணாம்னு சொன்னதுக்கும் சேத்துத்தாண்ணே...”

“அதுக்கு ஏன் அழுவுற? புள்ள வேணாம்னுச்சு, நீயும் வேணாம்ன. அதுல என்ன தப்பு? ஆனா எடுத்த பொடவைய நான் எங்க பாப்பா கொண்டுபோயி வைப்பேன்? பீரோவத் தொறக்குறப்பல்லாம் அதுதான் முன்னாடி நிக்கும். யாருக்காவது குடுத்துருங்கம்பா ஒங்க அண்ணி. அது எம் மருமவளோடது, யாருக்குக் குடுப்பேன்?”

நான் மூக்கை உறிஞ்சினேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பேச்சை மாற்றினார். இனியா எவ்வளவு தெளிவாகக் கேள்வி கேட்டாள், கோஆர்டினேட்டர் அம்மாள் சேற்றில் செருப்பை விட்டது, கிளேர் பச்சை மிளகாயைக் கடித்தது, எல்லாம் சொன்னார். அடுத்த தை மாதம் என்னையும் வரச் சொன்னார். “வந்து விஜயா வூட்டுலயே தங்கிக்க. அங்க சாப்பாடு நல்லாருக்காம்” என்று ஒரு குத்தும் குத்தினார். நான் சிரித்துவிட்டேன். அண்ணி நடுவில் போனை வாங்கி இருபது நிமிடம் பேசினார்கள். வெளியே இருட்டத் தொடங்கியது. மறுநாள் பள்ளிக்கு ஏப்ரன் துவைக்க வேண்டும், கணவர் டீ கேட்டுச் சமையலறையில் இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டார்.

“சரிண்ணே, வச்சுடவா?” என்றேன்.

“இரு, என்ன அவசரம்?” என்றார் அண்ணன். “அங்க மழையான்னு நான் இன்னும் கேக்கவே இல்லயே.”